அப்பாக்களுக்கான நூறு மீட்டர்

ஸ்பூனை வாயில் கவ்விக்கொள்ளச் சொன்னார்கள்.

கையால் தொடக்கூடாதாம். பல்லில்தான் பிடிக்க வேண்டுமாம். அதன்மேல் ஓர் எலுமிச்சம்பழம். கீழே போடாமல் கொடிக்கம்பம் வரை நடந்து போய்விட்டால் ஒரு டிபன் பாக்ஸ் பரிசு.

நடந்து போவதற்கு.

அவள் தன் ஷூவைப் பார்த்தாள். காலையில் துடைத்து, புது லேஸ் கோத்துப் போட்டுக்கொண்டு வந்தது. மகளின் பள்ளி விளையாட்டு விழா. வரிசையில் மற்ற அம்மாக்கள் சிரித்துக்கொண்டே பழத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். சிரிக்கட்டும். அவர்கள் மேல் அவளுக்கு ஒன்றுமில்லை.

பக்கத்தில் சுண்ணாம்புக் கோடு போட்ட தடங்கள். அது அப்பாக்களுக்கு. நூறு மீட்டர் ஓட்டம். அந்த அப்பாக்களில் பாதிப் பேருக்கு நின்ற இடத்திலிருந்து சொந்தக் கால் தெரியாது.

அவர்களுக்கு நூறு மீட்டர். அவளுக்கு எலுமிச்சம்பழம்.

சர்க்கரை ஏறிவிட்டது, உடம்பை அசையுங்கள் என்று டாக்டர் அவளிடம் சொன்ன பிறகு கூட ஓட வந்தது மகள் ஆதிரை மட்டும்தான். ஏழாம் வகுப்பு. இருட்டு பிரிவதற்குள் தண்ணீர் பாட்டிலோடு வந்து உலுக்கி எழுப்புவாள். ஹவுசிங்போர்டு மைதானத்தில் முதல் நாள் பாதிச் சுற்றிலேயே அம்மா உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை சிரிக்கவில்லை. மறுநாளும் எழுப்பியது.

போன மாதம் ஒரு காலையில் அவள் மகளை முந்தினாள். தோற்றுவிட்டு அப்படிக் குதித்த பிள்ளையை அவள் எங்கும் பார்த்ததில்லை. வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறது, எங்கம்மா ஓடுவாங்க என்று.

அவள் ஸ்பூனை வாயிலிருந்து எடுத்தாள். பி.டி. மாஸ்டரிடம் போனாள். அந்த ஓட்டத்தில் நானும் ஓடுகிறேன் என்றாள்.

அவர் விசில் கயிற்றின் சிக்கலைப் பிரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அம்மாங்களுக்கு இதான் மேடம். விழுந்து கிழுந்து வெச்சீங்கன்னா யாரு பதில் சொல்றது?"

இரண்டு முழங்காலிலும் தழும்பு இருக்கிறது அவளுக்கு. விழுந்த அன்றைக்கு எவரும் பதில் சொல்ல வரவில்லை. எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, மிச்சச் சுற்றையும் ஓடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போய் இட்லி ஊற்றினாள்.

எல்லைக் கோட்டில் ரிப்பன் பிடிக்கும் வேலை ஆதிரைக்கு. தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு ஓடி வந்தாள். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பரவால்லம்மா. ஸ்பூன்லயே நில்லு."

சொல்லிவிட்டுத் தன் இடத்துக்கே ஓடிப்போனாள்.

அப்போதுதான் எரிந்தது. மாஸ்டர் சொன்னதற்குக்கூட அப்படி எரியவில்லை.

இந்த வயதில் அந்தப் 'பரவால்ல' எப்படி இவ்வளவு சுலபமாக வருகிறது? யாரிடம் கற்றது?

வேறு யாரிடம். ஆறிப்போன சோற்றைத் தின்னும்போது அவளே சொன்னது. வேலையை விடச் சொன்னபோது சொன்னது. சொந்தக்காரர்கள் நிறைந்த கல்யாண மண்டபத்தில் கணவன் சற்குணம் குண்டம்மா என்று கூப்பிட்டபோதும் சிரித்துக்கொண்டே சொன்னது. பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டிருக்கிறது.

மைக்கில் அப்பாக்களின் பெயர் படித்தார்கள்.

நான்காம் தடம், சற்குணம்.

சற்குணம் ஷாமியானா நிழலில் போன் பார்த்துக்கொண்டிருந்தான். முட்டியைத் தொட்டுக் காட்டிக் கையை ஆட்டினான். மறுபடி கூப்பிட்டார்கள். மறுபடி ஆட்டினான்.

நான்காம் தடம் காலியாகவே கிடந்தது.

அவள் ஸ்பூனையும் பழத்தையும் மாஸ்டரிடம் நீட்டினாள். நீட்டியதால் அவரும் வாங்கிக்கொண்டார். துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் இறுக்கி முடிந்தாள். போய் நான்காம் தடத்தில் நின்றாள்.

மேடம், அது அப்பாக்களுக்கு என்றது மைக். மைதானம் சிரித்தது.

அவள் குனிந்து விரல் நுனிகளைக் கோட்டில் ஊன்றினாள்.

நிழலிலிருந்து சற்குணம் எழுந்து வந்தான். "ஏய், என்ன பண்ற? மானத்த வாங்காத. வா இங்க."

முட்டி வலிக்காரன் எவ்வளவு வேகமாக எழுந்துவிட்டான் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள். திரும்பவில்லை.

மாஸ்டர் விசிலை உதட்டில் வைத்துக்கொண்டு நின்றார். ஊதவில்லை. அவளும் எழுந்திருக்கவில்லை. நேரம் போனது. வெயில் முதுகில் இறங்கியது.

ஐந்தாம் தடத்தில் காக்கிச் சட்டை போட்ட ஓர் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"ஊதுங்க சார். காலு சுடுது."

அவளுக்காகச் சொல்லவில்லை. உண்மையிலேயே கால் சுட்டிருக்கும்.

விசில் கேட்டது.

கோபத்தோடு ஓடினால் மூச்சு சீக்கிரம் போய்விடும் என்று மகள் சொல்லிக்கொடுத்திருந்தாள். போனால் போகட்டும். கோபத்தோடுதான் ஓடினாள். மாஸ்டர் மேல், மைக் மேல், நிழல் மேல், எல்லாவற்றையும் விட, சிரித்துக்கொண்டே தலையாட்டிய தன் மேல். பாதி தூரம்வரை பக்கத்தில் ஒரே ஒரு ஆளின் மூச்சு கேட்டது. பிறகு அதுவும் பின்னால் போனது.

எதிரே சிவப்பு ரிப்பன்.

முதுகுக்குப் பின்னால் மாஸ்டர் மைக்கைப் பிடுங்கிக் கத்தினார், ரிப்பனைக் கீழே விடச் சொல்லி.

ஒரு முனையைப் பிடித்திருந்த பத்தாம் வகுப்புப் பெண் உடனே விட்டாள். அது மண்ணில் விழுந்தது.

மாஸ்டர் மறுபடியும் கத்தினார். இந்த முறை ஆதிரையின் பெயரைச் சொல்லி.

ஆதிரை தன் முனையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள்.

"ரிப்பன எடுக்கா" என்றாள், மாஸ்டரைப் பார்த்தபடியே.