ஹேண்ட்பேக்கில் ஓர் எலி

எலி உயிரோடு இருக்க வேண்டும் என்பதில் டெலோரஸ் கறாராக இருந்தாள்.

“வெள்ளை எலி வேண்டாம்டா. பார்த்தாலே செல்லமா வளர்த்ததுன்னு தெரிஞ்சிடும். சாக்கடையில பொறந்து வளர்ந்த மாதிரி ஒண்ணு குடு.”

அவள் தம்பி லைல், பாம்பு வளர்ப்பவர்களுக்குத் தீனி எலி விற்கும் கடை வைத்திருந்தான். ஓட்டை போட்ட டப்பாவில் ஒரு பழுப்பு எலியைப் போட்டு மூடினான்.

“அக்கா, இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்த வேலை? மாட்டினா உன் பொழப்பே போயிடும்.”

“அந்த ட்ரென்ட் பள்ளிக்கூடம் ஓடுற வரைக்கும் என் பொழப்பும் ஒரு பொழப்பா? அவன் கதவுல பூட்டு தொங்கணும். அப்பதான் எனக்குத் தூக்கம் வரும்.”

ட்ரென்ட் காலோவேயின் ‘சில்வர் லாடர் அகாடமி’, டயர் கடைக்கும் நகப்பூச்சுக் கடைக்கும் நடுவில் இருந்தது. மூன்று வருடம் முன்புவரை அவர் நீச்சல்குளத்துக்கு மருந்து விற்றுக்கொண்டிருந்தார். பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்த்தால் மாநில அரசு கட்டணத்துக்காகத் தலைக்கு ஏழாயிரம் டாலர் வவுச்சர் தரும் என்று சட்டம் வந்ததுதான் தாமதம், அவருக்குக் கல்விச் சேவையில் ஆர்வம் பொங்கிவிட்டது. நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளைப் பிடித்துவிட்டார். நெடுஞ்சாலைக்கு எதிர்ப்பக்கம் அதே மாதிரி இன்னொரு பள்ளி முளைத்திருந்தது. இரண்டுக்கும் பிள்ளை பிடிப்பதில் அடிதடி நடக்காத குறை.

டெலோரஸ், தம்பி மகனைச் சேர்க்க வந்தவள் போல உள்ளே போனாள்.

“வாங்க மேடம், வாங்க!” ட்ரென்ட் அத்தனை பல்லும் தெரியச் சிரித்தார்.

பள்ளி என்பது ஒரே கூடம்தான். பிள்ளைகள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரையை வெறித்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் கார் ரேஸ் விளையாடினார்கள். ஓரத்தில், தடுப்புச் சுவர்கூட இல்லாமல் ஒரு சமையல் மேடை. மைக்ரோவேவில் மதியச் சாப்பாட்டுக்கான மக்ரோனி சுற்றிக்கொண்டிருந்தது.

“டீச்சருங்க எங்க?”

“டீச்சரெல்லாம் பழைய காலம் மேடம். இங்க வழிகாட்டிதான்.”

வழிகாட்டி தன் செல்போனில் செருப்பு தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தாள்.

“பரீட்சை?”

“சேச்சே! மார்க் போட்டுப் பிள்ளைங்க மனச நோகடிக்க மாட்டோம்.”

“மேலிடத்துலேர்ந்து யாராச்சும் வந்து பார்ப்பாங்களா?”

“மூணு வருஷத்துல ஒரு ஈ காக்கா வந்ததில்ல!” ஏதோ விருது வாங்கியவர் போல அதைச் சொன்னார் ட்ரென்ட்.

ஏணி வரைந்திருந்த சுவரைக் காட்டி, கின்லி என்ற ஒன்பது வயதுச் சிறுமியிடம் கேட்டாள் டெலோரஸ்: “இதப் படி பார்ப்போம்.”

“ஏணி.”

“படம் இல்லம்மா. கீழ இருக்குற எழுத்து.”

“எழுத்து இன்னும் எனக்கு வராது ஆன்ட்டி. ஹெட்போனே படிச்சுச் சொல்லிடும்.”

டெலோரஸ் சமையல் மேடைப் பக்கம் நகர்ந்தாள். ட்ரென்டுக்குப் போன் வந்து அவர் திரும்பிய நொடியில், ஹேண்ட்பேக்கிலிருந்து டப்பாவை எடுத்து மேடைக்கு அடியில் திறந்துவிட்டாள்.

காருக்குள் உட்கார்ந்து சுகாதாரத் துறைக்குப் போன் போட்டாள். முப்பத்தைந்தே நிமிடத்தில் ஆட்கள் கையுறை மாட்டிக்கொண்டு வந்து இறங்கிவிட்டார்கள். நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் தற்குறியாக வளர்வதற்கு அசையாத அரசாங்கம், ஒரு எலி என்றதும் என்ன ஓட்டம் ஓடியது!

தேடியதில் அந்த எலியின் பங்காளிகள் பதினொரு பேர் அகப்பட்டார்கள். டெலோரஸ் கொண்டுபோயிருக்கவே வேண்டாம். சட்டப்படி சமையலறையை மட்டும்தான் மூட வேண்டும். ஆனால் சுவர் வைக்கும் செலவை ட்ரென்ட் மிச்சம் பிடித்திருந்ததால் மொத்தப் பள்ளிக்கும் சீல் விழுந்தது. மறுநாளே பெற்றோர்கள் அரசுப் பள்ளி வாசலில் வரிசை கட்டிவிட்டார்கள்.

ட்ரென்ட் கண்காணிப்பு கேமராவைப் போட்டுப் பார்த்தார். ஹேண்ட்பேக்கும் டப்பாவும் குனிந்த பெண்ணும் பளிச்சென்று தெரிந்தன.

“எதிர்ப்பக்கத்துக்காரன் வேலைதான் இது! ஆள் அனுப்பி எலி விட்டிருக்கான், படுபாவி!”

“போலீஸ்ல சொல்லிடலாமே சார்?” என்றாள் வழிகாட்டி.

“போலீஸா? அவனுங்க எலிய விட்டுட்டு டீச்சருங்க லிஸ்ட்டக் கேப்பானுங்க. மேலிடத்துக்கே எழுதுறேன். வவுச்சர் குடுக்குற கவர்மென்டுக்கு, அத வாங்குறவனக் காப்பாத்துற பொறுப்பு இருக்கா இல்லியா?”

நாலு பக்கத்துக்குப் புகார் எழுதினார். கேமராவில் பதிந்த பெண்ணின் போட்டோவை இணைத்து, தலைநகரில் உள்ள வவுச்சர் பள்ளிகள் கண்காணிப்புப் பிரிவுக்கு அனுப்பினார்.

மாநிலம் முழுக்க எண்ணூறு பள்ளிகள். அந்தப் பிரிவில் இருந்ததோ ஒரே ஒரு அதிகாரி.

அந்த ஒரே அதிகாரியான டெலோரஸ், இணைப்பில் இருந்த தன் போட்டோவை ஒரு தரம் பார்த்துவிட்டு, மூன்று வருடமாகப் புகார் கொடுக்கும் பெற்றோர்களுக்கெல்லாம் அனுப்பிவரும் அதே பதிலை ட்ரென்டுக்கும் அனுப்பிவைத்தாள்: “தனியார் பள்ளிக்குள் நடப்பதை விசாரிக்கச் சட்டம் எங்களுக்கு அதிகாரம் தரவில்லை.”