பதினொன்றாவது வளைவு

கல்யாணமான நாளிலிருந்தே அந்தப் பழைய கார் ஏற்காட்டு மலையின் பதினொன்றாவது வளைவில் நின்றுவிடும். அருளப்பன் இறங்கித் தள்ளுவார். இந்தக் கோடையில் அவர் மனைவி பவுலின் தன் பட்டறையில் இன்ஜினை முழுதாகப் பிரித்தாள். சிலிண்டர்களைக் கடைந்து அகலமாக்கி, பெரிய பிஸ்டன்கள் போட்டாள்.

“வெடிக்கப் போவுது பாரு,” என்றார் அவர்.

ஞாயிறு காலை இருவரும் மலையேறினார்கள். அந்த வளைவில் வேகம் குறைந்ததுமே அருளப்பன் பழக்கத்தில் இறங்கிவிட்டார். பவுலின் கியரை மாற்றி மிதித்தாள். கார் உறுமிக்கொண்டு மேலே பாய்ந்தது.

“ஏ புள்ள, நான் இன்னும் ஏறலை!”

“நடந்து வாங்க! நிறுத்த மனசு வரலைங்க!”

நடுச்சாலையில் நின்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மேலே பன்னிரண்டாவது வளைவில் ஹாரன் ஒலித்தது. பிறகு பதிமூன்றாவதில்.