குஞ்சு பறக்கும் வரை

"அந்தக் கூட்டை இன்னைக்கே பிச்சு எறியுங்க. இல்லேன்னா நான் படியே இறங்க மாட்டேன்!"

புருஷன்கிட்ட கத்தினேன். கத்தாம என்ன செய்ய? எங்க மாடி போர்ஷனுக்கு இருக்கறது ஒரே படி. அதுக்கு மேல நீண்டிருக்கிற வேப்பமரக் கிளையில காக்கா கூடு கட்டிடுச்சு. தலையைக் கண்டாப் போதும், விர்ருனு வந்து உச்சந்தலையில ஒரு கொத்து!

அன்னைக்குக் கொத்தினதுல கால் இடறிடுச்சு. கைப்பிடியைப் பிடிச்சேனோ, தப்பிச்சேனோ. எனக்கு அப்ப ஏழாம் மாசம். விழுந்திருந்தா?

அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு ஒட்டடைக் கம்போட கிளம்பினார். ஏதோ போருக்குப் போற மாதிரி.

"கீழ போடுங்க கம்பை!"

கீழ் வீட்டுலேர்ந்து ஓனரம்மா ஓடி வந்தாங்க. அவங்க குரல் உசந்து நாங்க கேட்டதே இல்லை.

"குஞ்சு இருக்கு அதுல. இன்னும் கண்ணே தொறக்கலை. இப்பக் கலைச்சா அதுங்க எங்க போகும்? ஏம்மா, நீயும் வயித்துல ஒண்ணைச் சுமக்கறவதானே? உனக்குமா மனசு கல்லாப் போச்சு?"

"என்னைக் கொத்துதேம்மா..."

"கொத்தாம? பெத்தவ இல்லையா! உன் புள்ளைகிட்ட ஒருத்தன் கம்போட வந்தா நீ கொஞ்சிக்கிட்டா இருப்பே?"

சுருக்குனு தைச்சது. அவரும் கம்பைக் கீழ போட்டுட்டார்.

சாயங்காலமே ஒரு பெரிய குடையைக் கொண்டுவந்து கொடுத்தாங்க. "இதை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு மெதுவா இறங்கும்மா."

அதோட விட்டாங்களா? வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர் ஏணியைச் சாத்தினதும், அவரையும் திருப்பி அனுப்பிட்டாங்க. "குஞ்சு பறக்கட்டும். அதுவரைக்கும் யாரும் கிட்ட போகக் கூடாது."

அந்தக் குஞ்சுங்க போட்ட கூச்சல் இருக்கே, அப்பப்பா! விடியறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடும். ஒருநாள் நானே கேட்டேன்.

"உங்களுக்குத் தூக்கம் கெடலையாம்மா?"

"குழந்தைங்கன்னா கத்தத்தாம்மா செய்யும்!"

எனக்கு வெட்கமாப் போச்சு. நம்ம புத்தி ஏன் இப்படிப் போச்சுன்னு என்னையே திட்டிக்கிட்டேன். "இப்படி ஒரு ஓனரம்மா கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்"னு அவர் பார்க்கறவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சார். நானும் ஜன்னலோரமாத் தொட்டிலுக்கு இடம் பார்த்து வெச்சுட்டேன்.

நேத்து செக்கப் முடிஞ்சு குடையும் கையுமா வந்தேன். வாசல்ல ஓனரம்மா நின்னாங்க.

"குஞ்சு ரெண்டும் பறந்துடுச்சு, பார்த்தியா!" முகமெல்லாம் பூரிப்பு.

எனக்கும் சந்தோஷம்தான். குடையை மடிச்சு நீட்டினேன்.

"டாக்டர் என்னம்மா சொன்னாங்க?"

"எல்லாம் நல்லா இருக்காம். அடுத்த மாசம் பிறந்துடும்மா."

"ரொம்ப நல்லது. அப்ப இந்த மாசக் கடைசிக்குள்ள வேற வீடு பார்த்துக்கோங்க."

விளையாடறாங்கன்னு சிரிச்சேன். அவங்க சிரிக்கலை.

"பச்சைக் குழந்தை ராத்திரி பகலா அழும். எங்க வீட்டுக்காரருக்குச் சத்தமே ஆகாது பாரு."

காக்கா கொத்தினப்பக் கூட நான் இப்படி ஆடிப் போகலை. மாடிப்படிக் கைப்பிடியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன்.

"அம்மா... இந்த வயித்தோட நான் எங்கம்மா போவேன்? பிரசவம் முடிஞ்சு ஒரு ரெண்டு மூணு மாசம் டைம் கொடுங்கம்மா. குழந்தை தலை நிக்கற வரைக்குமாவது..."

ஓனரம்மா என் கன்னத்தைத் தடவினாங்க. அத்தனை கனிவு அந்தக் கையில.

"அதுக்குத்தாம்மா இப்பவே சொல்றேன். குழந்தை பொறந்துட்டா, அப்புறம் உங்களைக் கிளப்ப எனக்கு மனசு வராதே!"