வீகோவின் நாய் போன வழி

"அத்தான், நாய் ஒரே இடத்திலை நிண்டிட்டுது! முயலை மடக்கிப்போட்டுது போலை!"

கனகசபை கைபேசியை நீட்டினார். திரையில் ஒரு சிவப்புப் புள்ளி காட்டின் மறுகரையில் அசையாமல் நின்றது. அது பம்ஸ, நீளக் காது வேட்டைநாய். அதன் கழுத்துப் பட்டியில் இருந்த கருவி, நாய் போகிற இடத்தையெல்லாம் கைபேசிக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

சபாரத்தினம் கைபேசியைப் பறித்துப் பார்த்தார். இரண்டு சனிக்கிழமைகள் வெறுங்கையோடு வீடு திரும்பியாயிற்று. இன்றோ அவர் மனைவியும் கனகசபையின் அக்காவுமான அருமைநாயகி, முயல்கறி என்று சொல்லி, டென்மார்க்கின் கிரின்ஸ்டெட் ஊரில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டாள்.

"கொக்கா என்ன சொன்னவ தெரியுமே? இண்டைக்கும் முயல் இல்லையெண்டா உந்தச் சாமான் முழுக்க வித்துப்போடுவாவாம்."

சாமானுக்குக் குறைவில்லை. பேட்டரியில் சூடாகும் உள்சட்டை. வெடிச் சத்தத்தை அடக்கி, இலைச் சத்தத்தைப் பெருக்கித் தரும் காதுமூடி. புதருக்குள் ஒளிந்திருக்கும் உயிரின் சூட்டைக் காட்டும் தூரநோக்கி. அதில் இதுவரை அகப்பட்ட ஒரே உயிர் கனகசபைதான்.

"வீகோவிட்டை என்ன இருந்தது, சொல்லு பாப்பம்? ஒரு பழைய துவக்கு, ஒரு பித்தளை ஊதுகுழல், கிழிஞ்ச றப்பர் சப்பாத்து. மனிசன் ஒருநாளும் வெறுங்கையோடை வந்ததில்லை!" என்றார் சபாரத்தினம்.

வீகோ, சபாரத்தினத்தோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்த டேனிஷ்காரர். வேட்டைக்கு நாயோடு தனியாகத்தான் போவார். திங்கட்கிழமைகளில் கோப்பி குடிக்கும்போது படம் காட்டுவார். புல்லில் இரண்டு முயல்கள், பக்கத்தில் பம்ஸ. போன வருடம் அவர் இறந்தபோது, மகள் நாயைச் சபாரத்தினத்திடம் கொடுத்துவிட்டாள். இன்றைக்கு முதல் தடவையாக, வீகோ வழக்கமாகப் போகும் காட்டுக்கே நாயைக் கூட்டி வந்திருந்தார்கள்.

"எப்பிடிப் பிடிக்கிறீர் எண்டு கேட்டா, 'நாய்க்குத் தெரியும்' எண்டு மட்டும் சொல்லுவார்."

"அந்தக்காலத்து ஆக்களுக்குக் காதுதான் கருவி, அத்தான். நாய் குரைக்கிற விதத்திலையே முயல் எங்கை நிக்குதெண்டு சொல்லிப்போடுவினம். கெதியா வாங்கோ!"

ஓடினார்கள். சூட்டுச்சட்டையை நிறுத்தும் பொத்தான் இறுகிப்போய், நவம்பர்க் குளிரிலும் சபாரத்தினம் இட்லிபோல் வெந்தார். காதுமூடி முயலின் சத்தத்தை விட்டுவிட்டு, கனகசபையின் வயிறு இரைவதைப் பெருக்கிக் கொடுத்தது. கனகசபையோ ஒரு சப்பாத்தைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டு நொண்டி நொண்டி வந்தார்.

மரங்கள் முடிந்தன. எதிரே தார் வீதி, செங்கல் வீடுகள், ஒரு தேவாலயம்.

"ஊருக்குள்ளை ஓடிட்டுதோ முயல்?"

"துவக்கிலை இருக்கிற தோட்டாவைக் கழட்டு. சத்தம் போடாமல் வா."

புள்ளி காட்டிய கட்டடத்தின் பின்பக்கம் மெல்ல எட்டிப் பார்த்தார்கள். அங்கே முயல் இல்லை. மூடிய கதவுக்கு முன்னால் பம்ஸ மரியாதையாக உட்கார்ந்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. இவர்களைக் கண்டதும் கதவைப் பார்த்து ஒருதரம் குரைத்தது.

கதவு திறந்தது. இரத்தக் கறை படிந்த வெள்ளை ஏப்ரனோடு, இறைச்சிக்கடைக்காரர் ஒருவர் வந்தார், தடித்த மனிதர். நாயைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. அதன் தலையைத் தடவியபடி சபாரத்தினத்தின் துவக்கைப் பார்த்தார். பிறகு டேனிஷில் கேட்டார்:

"வீகோவின் நண்பர்களா? இரண்டு முயல் போதுமா? அவர் படம் எடுப்பதற்காகத் தோல் உரிக்காமல்தான் வாங்குவார்."

சபாரத்தினம் கனகசபையைப் பார்த்தார். கனகசபை வானத்தைப் பார்த்தார்.

"ஆறு தாருங்கள்" என்றார் சபாரத்தினம்.