கேட்டால் சொல்வேன்

போட்டியாளன் கிராபின் மலிவு சாக்லேட்டோடு மல்லுக்கட்ட முடியாமல், ஜேபஸ் பிரிஸ்டல் நகரில் இருந்த தன் சாக்லேட் ஆலையை இழுத்துப் பூட்டினார். மறுவாரமே செங்கல் சூளை ஒன்றை வாங்கினார்.

கிராப் சிரித்துக்கொண்டே வந்தான்.

"இந்தச் சூளையிலேருந்து எனக்கு வழக்கமா வர்றத இனிமே நீயே அனுப்பு. வெளிய சொல்ல மாட்டியே?"

"யாராவது கேட்டாத்தான் சொல்வேன், நண்பா."

"ஜெபத்துலகூட வாயத் திறக்காத குவேக்கர் சபை ஆளாச்சே நீ! உன்னை எவன் கேக்கப்போறான்?"

குளிர்காலத்தில், கிராபின் சாக்லேட்டில் கலப்படம் என்று வழக்கு வந்தது. ஜேபஸ் சாட்சிக் கூண்டில் நின்றார்.

"குவேக்கர் பொய் சொல்ல மாட்டார். கிராப் உங்ககிட்ட என்ன வாங்குறார்?" என்றார் நீதிபதி.

"செங்கல் பொடி, நண்பரே. வண்டி வண்டியா."

"எதுக்கு?"

"அவர் சொன்னதில்ல. ஆனா அவர் ஆலையில ஒரு சுவர்கூட எழும்பல."

நீதிமன்ற வாசலில் கிராப் ஜேபஸின் சட்டையைப் பிடித்தான். "இந்த அதிகாரிங்களை என்மேல ஏவிவிட்டது யாருடா?"

"கேட்டுட்ட, சொல்றேன். நான்தான். சூளைய வாங்குனதே அதுக்குத்தான்."