ரூபாய் விழுந்த மாதம்

அன்று கல்லாவி கிராமத்து வீட்டில் நான்கு பேர். கட்டிலில் லட்சுமியம்மாள். கால்மாட்டில் மகள் சௌமியா. நாற்காலியில் மருமகன் திம்மராயன். ஓசூர் மூக்கண்டப்பள்ளியிலிருந்து அப்போதுதான் பஸ்ஸில் வந்து நின்ற மூத்த மகன் பெருமாள்.

லட்சுமியம்மாளைக் கேட்டால் ஐந்து என்பாள். சுவரில் ராணுவ உடுப்பில் சிரிக்கும் சின்னவன் மாதேஷையும் சேர்த்துத்தான் எண்ணுவாள்.

மாதேஷ் மேஜர். ஆப்பிரிக்காவில் அமைதிப்படையில் இருக்கிறான். அங்கே படியெல்லாம் டாலரில். அதில் மாதம் இருநூறு டாலர் அம்மாவின் மருந்துக்கு. பெருமாள் கணக்கில் விழும். அவன் ரூபாயாக எடுத்து வந்து கொடுப்பான். டாலர் விலையைப் பொறுத்து மாதாமாதம் கொஞ்சம் ஏறும், இறங்கும்.

பெருமாள் நீட்டிய பணத்தைத் திம்மராயன் வாங்கி எண்ணினான்.

"பதினாறாயிரத்து எழுநூறு. போன மாசம் பதினேழாயிரத்து நூறு இல்ல?"

"ரூபாய் விழுந்துடுச்சு மாப்பிள்ளை. பேப்பர்லயே போட்டிருந்தான். அதான் கம்மி."

திம்மராயன் சிரித்தான். "ரூபாய் விழுந்தா டாலருக்குக் கூடத்தான் வரும் மச்சான். இன்னிக்கு ஒரு டாலர் எண்பத்தேழரை. பதினேழாயிரத்து ஐந்நூறு வந்திருக்கணும். எண்ணூறு எங்க?"



"சொல்லுண்ணா," என்றாள் சௌமியா.

"அவரு எங்க சொல்லுவாரு? மேஜருக்கே மெசேஜ் போட்டுக் கேட்டுடறேன்." திம்மராயன் போனை எடுத்தான்.

"வேண்டாம். நான்தான் எடுத்தேன்," என்றான் பெருமாள்.

சட்டைப் பையிலிருந்து எண்ணூறு ரூபாயை எடுத்துக் கட்டிலில் வைத்தான்.

"தம்பி குண்டுக்கு நடுவுல நின்னு அனுப்பறான். அதுலயாடா கை வச்ச?" லட்சுமியம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

யாரும் அவனைச் சாப்பிடச் சொல்லவில்லை.

பஸ் ஸ்டாப்பிலிருந்து மனைவி மேகலாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னான்.

"உங்க ஓவர்டைம் காசைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு, திருடன்னு பேரும் வாங்கிட்டு வர்றீங்களா?" என்றாள் அவள். "மாதேஷ் காசை நிறுத்தி ஏழு மாசமாச்சு. இனிமே எங்கிட்ட கேக்காதீங்கன்னு அவன் எழுதினதைக் காட்டிட்டு வர்றதுதானே?"

"என்னைத் திட்டிட்டு அம்மா சோறு தின்னும். அவன் மறந்துட்டான்னு தெரிஞ்சா தின்னாது, மேகலா."



"அடுத்த மாசம் டாலர் விலையை என்னைக் கேட்டுட்டுப் போங்க," என்றாள் அவள்.

பஸ் வந்தது. டிக்கெட் போக அவன் கையில் மீதி பதினேழு ரூபாய்.