நாலாம் நம்பர் கோப்பை

"அந்தம்மாவுக்கு என்ன தகுதி இருக்குதுன்னு நடுவரா போட்டீங்க?"

குன்னூரில் தேயிலைப் போட்டி முடிந்ததும் மயில்சாமி கொதித்தார். நடுவட்டம் என்ற ஊரில் அவருடைய தேயிலை ஃபேக்டரி மூடும் நிலையில் இருந்தது. தேயிலை விலை அதலபாதாளத்தில் கிடக்கிற நேரத்தில், பரிசு கிடைத்தால் நாலு வியாபாரிகளாவது திரும்பிப் பார்ப்பார்கள் என்று நம்பியிருந்தார். கிடைத்ததோ கடைசி இடம்.

கோவையிலிருந்து புதிதாக வந்திருந்த போட்டிக் குழுச் செயலாளர் பொறுமையாகச் சொன்னார். "இருபது வருஷ அனுபவமுங்க. தினம் முந்நூறு கோப்பை ருசி பார்க்கறவங்க. நாக்கு கெட்டுடக் கூடாதுன்னு ஒரு வாரமா வெங்காயம், பூண்டு தொடலீங்களாம்."

"அந்தக் கொடுமையை எங்கிட்டயே சொல்றீங்களா!"

செயலாளருக்கு ஒன்றும் புரியவில்லை. "புகார் இருந்தா எழுதிக் குடுங்க, விசாரிக்கறோம்."

என்னவென்று எழுதுவது? மயில்சாமி விருட்டென்று வெளியே வந்து ஜீப்பில் ஏறினார். முன் இருக்கையில் அந்த நடுவர் உட்கார்ந்திருந்தாள், அவருடைய மனைவி அம்சவேணி.

"காலையில ஊட்டுல இருந்து கிளம்பறப்பவே, நாலாம் நம்பர் நம்மளதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனில்ல?"

"சொன்னீங்க. அதனாலதானுங்க, அதை மட்டும் ரெண்டு தடவை ருசி பார்த்தேன்."